தாய்ச்சி வாளும் மனசும்: சக்தி பாயுதுங்கற கதை வேணாமே

தாய்ச்சிங்கற சீன தற்காப்புக் கலையில வாள் பயிற்சியும் உண்டு. தாய்ச்சி வாள்னு பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் "முனை வழியா சக்தி வெளிய பாயுது"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. மனசுக்கும் வாளுக்கும் தொடர்பு இருக்கு, அதை நான் மறுக்கல. ஆனா அதுல மர்மம் ஒண்ணும் கிடையாது, பழகப் பழக வர்ற திறமை அவ்ளோதான்.

யாங் பாணி தாய்ச்சி மாஸ்டர் யாங் செங்ஃபூ சொல்லி சீடர் சென் வெய்மிங் எழுதி வச்ச பத்து விதிகள்ல ஒண்ணு, மனசால செய், முரட்டு பலத்தால செய்யாதங்கறது. வெறுங்கையில செய்யும்போது இதுல ஏமாத்திடலாம், தோள் இறுகியிருந்தாலும் பாக்குறவங்களுக்கு தெரியாது. ஜியான்ங்கற நேரான, ரெண்டு பக்கமும் கூரான வாள் கைக்கு வந்துட்டா அந்த பாச்சா பலிக்காது. பிடியை இறுக்கினா மணிக்கட்டு மரக்கட்டை ஆயிடும், முனை தன்பாட்டுக்கு எங்கயோ அலையும்.

1957ல சீனாவில யாங் பாணியிலிருந்து சுருக்கி உருவாக்குன 32 அசைவு வாள் ஃபார்ம்தான் (ஃபார்ம்னா வரிசையா செய்யற அசைவுகளோட தொகுப்பு) இன்னிக்கு நெறைய பேர் முதல்ல கத்துக்கறது. அதோட முதல் அசைவுல மணிக்கட்டை மேல தூக்கி முனையை மட்டும் டக்குனு கீழ இறக்கணும், கோழி கொத்துற மாதிரி. கொஞ்சம் தள்ளி அதே முதல் பகுதியில ஒத்தைக்கால்ல நின்னு வெட்டுறது வரும், அங்க கையும் வாளும் ஒரே கோடா இருக்கணும், பலம் வாளோட கூர்ப்பக்கத்துல நிக்கணும். ரெண்டுமே மேலிருந்து கீழ வர்றதுதான், ஆனா கவனம் முனையில இருக்கா கூர்ல இருக்காங்கறதுல எல்லாமே மாறிடுது. கவனம் இல்லாம செஞ்சா ரெண்டும் ஒண்ணாவே தெரியும், நெறைய பேர் செய்யறதை பாத்தா அப்படித்தான் இருக்கு. (இடது கையில ரெண்டு விரலை நீட்டி வைக்கிறதும் சும்மா அழகுக்கு இல்ல, அது செத்துப்போய் தொங்குச்சுன்னா உடம்புல பாதி தூங்குதுன்னு அர்த்தம்.)

கைல இருக்குற கருவி உடம்போட பாகம் மாதிரி ஆகுறதுக்கு மூளை ஆராய்ச்சியிலயே ஒரு உதாரணம் இருக்கு. 1996ல ஜப்பான்ல இரிக்கிங்கற விஞ்ஞானியோட குழு குரங்குங்களுக்கு ஒரு நீள வாருகோல குடுத்து சாப்பாட்டை இழுக்கப் பழக்கினாங்க. கைக்கு பக்கத்துல இருக்குறதுக்கு மட்டும் வேலை செஞ்ச சில மூளை செல்லுங்க, கோலோட நீளத்துக்கும் சேத்து வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு. முக்கியமான விஷயம், கோலை சும்மா பிடிச்சிக்கிட்டு இருந்தப்ப அது நடக்கல, வேலைக்கு பயன்படுத்தினப்ப தான் நடந்துச்சு.

வாளையும் அப்படி நிஜமா பயன்படுத்தித்தான் பழகணும், அதனாலதான் எனக்கு அந்த மெல்லிசான, சலசலன்னு ஆடுற ஷோ வாளுங்க மேல கோவமே வருது. அதுல தட்டுற சத்தம் தான் வருது, எதிர்ல இருக்கறவரோட அழுத்தம் கைக்கு வந்து சேராது. யாங் செங்ஃபூவோட சீடர் செங் மன்-சிங் 1960கள்ல நியூயார்க்ல சொல்லிக்குடுத்தப்ப ஃபார்மோட நிறுத்தல, ரெண்டு பேர் வாளோட வாள் ஒட்டி பழகுறதையும் வச்சிருந்தார். எதிராளி தள்ளப்போறாரா விலகப்போறாரான்னு அந்த தொடுதல்லயே புரியணும், இறுக்கிப் பிடிச்சா ஒண்ணும் தெரியாது. இது இல்லாம வருஷக்கணக்கா ஃபார்ம் மட்டும் செஞ்சிட்டு "வாளும் நானும் ஒண்ணு"ன்னு சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

புதுசா சேர்றவங்க மாஸ்டர்கிட்ட ஜோடிப் பயிற்சி உண்டான்னு முதல்லயே கேட்டுடுங்க. அதுக்கு மர வாளே போதும், பளபளன்னு மெட்டல் வாள் வாங்க அவசரப்பட வேண்டாம்.