அஞ்சு நிமிஷ வேலைக்கு ஒரு லிப்ட்

சார்: செல்வராஜ், வீட்டுக்கு ஒரு கார் லிப்ட் வாங்கலாம்னு இருக்கேன். இரண்டு தூண் வச்சுத் தூக்குற டூ போஸ்ட் நல்லதா, கத்திரி மாதிரி விரிஞ்சு தூக்குற சிசர் நல்லதா?

செல்வராஜ்: (ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு) வீட்டிலேயேவா சார்?

சார்: போர்டிகோ சும்மாதானே கிடக்கு.

செல்வராஜ்: மெயின் ரோட்டைப் பார்த்த வீடு. இடத்துக்கு வாடகை இல்லை, மாசமானால் பென்ஷன். எத்தனை பசங்களை வேலைக்கு வைக்கப் போறீங்க?

சார்: பசங்க எதுக்கு? நானே பார்த்துக்குவேன்.

செல்வராஜ்: முதலாளி கையில் கிரீஸ் பட்டால் தொழில் நல்லாத்தான் வரும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார், டாக்சி ஸ்டாண்டு வண்டிகளை மட்டும் எனக்கு விட்டுடுங்க.

சார்: எந்த டாக்சி?

செல்வராஜ்: சரிங்க, அதையும் நீங்களே எடுத்துக்குங்க. பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஸ்கூல் வேன் மட்டும்…

சார்: யோவ், நான் பட்டறை வைக்கலை! என் வண்டிக்கு மட்டும்தான் லிப்ட்.

செல்வராஜ்: அந்த மாருதி 800க்கா?

சார்: ஏன், அது வண்டி இல்லையா? போன தடவை ஆயில் மாத்தினதுக்கு லேபர் எவ்வளவு போட்டே? 350. ஆயிலுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஃபில்டருக்கும் சொல்லலை, டப்பாவில் விலை போட்டிருக்கு. ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டுற அஞ்சு நிமிஷ வேலைக்கு 350!

(எந்த ஊர்ப் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். டப்பாவில் அச்சடித்த விலைக்கு மறுபேச்சே கிடையாது. கையில் எம்.ஆர்.பி. அச்சடிக்காமல் பிறந்தது மெக்கானிக் செய்த குற்றம்.)

செல்வராஜ்: அதே அஞ்சு நிமிஷ வேலையை நடுவில் ஒரு தடவை நீங்களே செஞ்சீங்களே சார். இறுக்குன இறுக்கில் சேம்பர் போல்ட் மரை போய், துணியைச் சுற்றி அடைச்சுக்கிட்டு, தெருவெல்லாம் ஆயில் கோலம் போட்டுக்கிட்டு வந்தீங்க.

சார்: குனிஞ்சு செஞ்சதால் அப்படி. நிமிர்ந்து நின்னு செஞ்சால் வராது. அதுக்குத்தான் லிப்ட். டூ போஸ்ட், 4 டன் தூக்கும். ஒன்றரை லட்சம், ஜி.எஸ்.டி. தனி.

செல்வராஜ்: உங்க வண்டி 650 கிலோதானுங்க.

சார்: இருக்கட்டுமே.

செல்வராஜ்: ஆறு மாருதியைச் சேர்த்துத் தூக்கலாம். மிச்ச அஞ்சை எங்கே வாங்குவீங்க? 2014லேயே நிறுத்திட்டாங்க.

சார்: கெபாசிட்டி கூட இருந்தால் என்ன தப்பு?

செல்வராஜ்: (போனில் தட்டிப் பார்த்து) ஒன்றரை லட்சத்தை 350ஆல் வகுத்தால் 428 ஆயில் சர்வீஸ் வருது. வருஷத்துக்கு இரண்டு தடவை மாத்தினால், போட்ட காசு திரும்ப 214 வருஷம்.

சார்: அதுக்கப்புறம் லாபம்தானே?

(சார் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.)

செல்வராஜ்: லாபம்தானுங்க. போர்டிகோ உயரம் எவ்வளவு?

சார்: 10 அடி.

செல்வராஜ்: மேலே குறுக்குச் சட்டம் வர்ற மாடல் அதில் நிற்கவே நிற்காது. அடியில் தகடு போடுற மாடல் வேணும்னால் பார்க்கலாம். ஆனால் உங்க வண்டியே நாலரை அடிக்கு மேலே. மீதி அஞ்சரை அடி கூட முழுசாக இல்லை. லிப்ட்டையும் வாங்கிட்டு குனிஞ்சே நிற்பீங்க. வண்டி வேற மேலே போய் ஃபேனில் இடிக்கும்.

சார்: ஃபேனைக் கழற்றிடலாம்.

செல்வராஜ்: லேபர் 350.

சார்: சரி, சிசர்? தூணே கிடையாது, தரையோட படுத்துக் கிடக்கும். நாலடி தூக்கினால் போதும் எனக்கு.

செல்வராஜ்: வீல், பிரேக் பார்க்க நல்லா இருக்கும். ஆனால் வண்டிக்கு அடியில் நடுவாக அந்தக் கத்திரி நிற்குமே சார், சைலன்சர் குழாய்க்கு எப்படிக் கையை விடுவீங்க?

சார்: அப்போ நாலு தூண் வச்ச ஃபோர் போஸ்ட்.

செல்வராஜ்: அதில் வண்டி டயரிலேயே நிற்கும். வீலைக் கழற்றணும்னால், தூக்கின வண்டியை மறுபடி ஒரு ஜாக்கி வச்சுத் தூக்கணும். மேலே ஒரு வண்டி, கீழே ஒரு வண்டின்னு நிறுத்துறவங்களுக்குச் சரியாக வரும்.

சார்: அப்போ டூ போஸ்ட்தான், முடிவு பண்ணியாச்சு. தூணுக்குத் தரையில் போல்ட் அடிக்கணுமாம், நாலங்குலக் கான்கிரீட் இருந்தால் போதுமாம். நம்ம போர்டிகோவில் லாரியே ஏறினாலும் அசையாது.

செல்வராஜ்: டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கு?

சார்: கான்கிரீட்.

செல்வராஜ்: அதுக்குக் கீழே?

சார்: சம்ப்.

செல்வராஜ்: …

சார்: மூடியிருக்கிற தளமே 5 அங்குலம்ப்பா!

செல்வராஜ்: ஆங்கர் போல்ட் அஞ்சரை அங்குலம் இருக்கும் சார். முனை சிறுவாணித் தண்ணியில் குளிச்சுக்கிட்டு இருக்கும்.

சார்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டாகப் போட்டால் துருப்பிடிக்காது.

செல்வராஜ்: துருவுக்குச் சொல்லலைங்க. நாலங்குலம் போதும்னு சொன்னது மண்ணு மேலே படுத்திருக்கிற கான்கிரீட்டுக்கு. அடியில் மண்ணு இருக்கணும். மீன் இருக்கக் கூடாது.

சார்: சின்ன மீன்தான். கொசுப் புழுவைத் தின்னட்டும்னு விட்டது.

செல்வராஜ்: தூண் சாய்ஞ்சு வண்டி உள்ளே இறங்கிட்டால் உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. அப்புறம் ஆயில் மாத்தவே வேண்டாம், சமையல்கட்டில் அம்மா குழாயைத் திறந்தாலே வந்துடும்.

சார்: கிண்டல் பண்ணாதே. இப்போ நான் என்ன பண்றேன் தெரியுமா? வண்டியோட வந்த ஜாக்கியில் தூக்கிட்டு, அடியில் படுத்துத்தான் பார்க்கிறேன்.

செல்வராஜ்: (முதல் தடவையாகக் குரல் உயர்கிறது) அதை மட்டும் இனிமேல் செய்யாதீங்க சார். அந்த ஜாக்கி ஸ்டெப்னி மாத்தறதுக்குக் கொடுத்தது. கொஞ்சம் சரிஞ்சால் வண்டி உங்க நெஞ்சில்தான் உட்காரும். தூக்கின வண்டியைத் தாங்குற ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கி, ஜாக்கி வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுங்க. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. அப்புறம் வண்டியை நல்லா அசைச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ளே தலையை விடணும். லிப்ட்டுக்கு நீங்க கட்டுற ஜி.எஸ்.டி.யில் மிச்சம் பிடிச்சாலே ஸ்டாண்டு வந்துடும்.

சார்: ஸ்டாண்டு வச்சால் பார்க்க ஒரு இது இல்லையேப்பா. எதிர்வீட்டுக்காரர் ஏற்கனவே பிரஷர் வாஷர் வாங்கிட்டார்.

(இதற்கு செல்வராஜ் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.)

சார்: இவ்வளவு பேசுறியே, உன் பட்டறையில் ஏன் லிப்ட் இல்லை? இன்னும் இந்தக் குழிக்குள் இறங்கித்தானே வேலை பார்க்கிறே?

செல்வராஜ்: வாங்கத்தான் பார்த்தேன். 2015ல் முத்ரா லோன் வந்தப்போ, 10 லட்சம் வரைக்கும் ஜாமீன் வேண்டாம்னு டி.வி.யில் சொன்னாங்க. கொட்டேஷனை எடுத்துக்கிட்டு பேங்குக்குப் போனேன். மேனேஜர் மூணு வருஷக் கணக்குக் கேட்டார், கொடுத்தேன். புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டார், ஆடிட்டருக்குக் காசு கொடுத்து எழுதி வாங்கிக் கொடுத்தேன். கடைசியில், மாமனார் வீட்டுப் பத்திரம் இருக்கான்னு கேட்டார்.

சார்: அநியாயம். எவன் அந்த மேனேஜர்?

செல்வராஜ்: கண்ணாடி போட்டவர். மாருதி 800 வச்சிருந்தார். ‘லிப்ட்டில் போடுற காசு எப்பய்யா திரும்பும்?’னு கேட்டார்.

(சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார்.)

சார்: அப்போ ரூல்ஸ் அப்படி… சரி விடு. லிப்ட் வந்ததும் உனக்குப் போன் பண்றேன். வந்துடு.

செல்வராஜ்: நான் எதுக்கு? நீங்களே பார்த்துக்குவேன்னு சொன்னீங்க.

சார்: முன்னால் நின்னு நானே செய்ய வைப்பேன்னு சொன்னேன். வேலை நீதான் செய்யணும். லிப்ட் என்னுது, கரண்ட் என்னுது, இடம் என்னுது. அதனால் லேபர் பாதி.

செல்வராஜ்: 175?

சார்: அஞ்சு நிமிஷ வேலைக்கு அதுவே ஜாஸ்தி.

செல்வராஜ்: சரிங்க சார். 175க்குப் போல்ட்டைக் கழற்றி விட்டுடுறேன். மாட்டணும்னால் புராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டு வாங்க.