காம்போ போர்ட்டை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள்

நெட்வொர்க் ஸ்விட்சின் ஓரத்தில் ஒரு ஆர்ஜே45 சாக்கெட் (சாதாரண காப்பர் நெட்வொர்க் கேபிள் செருகுவது), அதை ஒட்டி ஒரு எஸ்எஃப்பி ஸ்லாட் (ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிளுக்கான சிறு மாட்யூலைச் செருகுவது), இரண்டுக்கும் ஒரே எண் என்று இருந்தால் அது காம்போ போர்ட். வெளியே இரண்டு வாய், உள்ளே ஒரே போர்ட். ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றுதான் வேலை செய்யும். 24 காப்பர், 4 காம்போ எஸ்எஃப்பி என்று படித்துவிட்டு 28 என்று கணக்குப் போட்டுக் கேபிள் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிடைப்பது 24 தான்.

இதில் ஃபைபரையும் காப்பரையும் சேர்த்துச் செருகிவிட்டு, ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். எல்லா ஸ்விட்சும் அப்படி இல்லை. பொதுவாக ஃபைபருக்குத்தான் முன்னுரிமை. சிலவற்றில் ஃபைபர் லிங்க் (இணைப்பு) விழுந்தால் காப்பர் எழும். சிலவற்றில் எஸ்எஃப்பி மாட்யூல் ஸ்லாட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், ஃபைபர் செருகாவிட்டாலும் காப்பர் எழாது. கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

ஒருமுறை ஃபைபர் ஜோடியில் (அனுப்ப ஒரு இழை, வாங்க ஒரு இழை) ஒரே ஒரு இழை மட்டும் அறுந்தது. ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் தங்கள் நிலையை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் வசதி) யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அது இருந்திருந்தால் ஒரு பக்கம் வெளிச்சம் நின்றதும் மறுபக்கமும் லிங்க்கை இறக்கியிருக்கும். இல்லாததால், வெளிச்சம் வந்துகொண்டிருந்த ஸ்விட்ச் ஃபைபரையே பிடித்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வராத ஸ்விட்ச் காப்பருக்கு மாறிக் காத்திருந்தது. நல்ல காப்பர் கேபிள் இரண்டு முனையிலும் செருகியபடியே கிடக்க, ஒரு டேட்டா பாக்கெட்கூடப் போகவில்லை. பச்சை விளக்கோ எரிந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து விளக்கைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன்.

காம்போ போர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிகாபிட் வேகத்தில் காப்பர் 100 மீட்டர் வரைதான், மல்டிமோட் என்ற குறுந்தூர வகை ஃபைபரில் 550 மீட்டர் வரை போகலாம். தூரத்தைப் பார்த்து எது வேண்டுமோ அதைச் செருகிக்கொள்ள அது அருமையான வசதி. அதை மாற்றுப் பாதை என்று நினைப்பதுதான் தவறு. அந்த ஸ்விட்ச் செத்தால் இரண்டு வாயும் சேர்ந்தே சாகும். இரண்டு கேபிளும் ஒரே குழாயில் போனால் ஒரே வெட்டில் இரண்டும் போகும். கட்டிடத்துக்குக் கட்டிடம் என்றால் இன்னும் மோசம்: மின்னல் பாயக் கூடாது என்றுதான் ஃபைபர் போடுகிறோம், பக்கத்திலேயே காப்பரை இழுத்தால் அந்த வழியை நாமே திறந்துவிடுகிறோம்.

உண்மையான மாற்று வேண்டுமென்றால் தனித்தனி போர்ட், முடிந்தால் தனித்தனி ஸ்விட்ச், வேறு வேறு பாதை. பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றும் லூப் வராமல் பார்த்துக்கொள்ள 2001-லேயே ஆர்எஸ்டிபி என்ற நெறிமுறை வந்துவிட்டது.

சரி, இருப்பது காம்போதான் என்றால் இன்றே சோதித்துப் பாருங்கள். ஃபைபர் கனெக்டரை மொத்தமாக உருவாமல், இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பிரித்து ஒரு இழையை மட்டும் எடுங்கள். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடுத்த இழை. பிறகு அதையே மறுமுனையிலும்.