கருந்துளைக்கு லைன் இழுக்கிறவர்களுக்கு

எங்கள் திருகோணமலைக் கூட்டத்தில், கருந்துளை (ஒளிகூடத் தப்ப முடியாத விண்பொருள்) பற்றிக் கேட்ட ஒரு பிள்ளையைப் பெரிய மனிசர் ஒருவர் பகிடி பண்ணிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நானும் மண்டபத்தில் பின்வரிசையில்தான் இருந்தேன். "முதல் உப்புவெளிக்கு ஒழுங்கா கரண்ட் வரட்டும் பிள்ளை, பிறகு கருந்துளைக்கு லைன் இழுப்பம்." நல்ல பகிடி. எல்லோரும் சிரித்தீர்கள். பிள்ளை பேசாமல் இருந்துவிட்டாள். சுழலும் கருந்துளையிலிருந்து எப்படிச் சக்தி எடுப்பது என்று அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் கடைசிவரை வரவில்லை.

பதில் இருக்கிறது. அதுதான் என் எரிச்சல்.

1969இலேயே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் சொல்லிவிட்டார். சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுத்துச் சுழற்றும். எர்கோஸ்பியர் எனப்படும் அந்தப் பகுதிக்குள் ஒரு பொருளை அனுப்பி, சரியான இடத்தில் இரண்டாகப் பிரித்தால், ஒரு துண்டு உள்ளே விழ, மற்றது கொண்டுபோனதைவிடக் கூடுதல் சக்தியோடு வெளியே வரலாம். இலவசம் இல்லை; கருந்துளையின் சுழற்சி அந்தளவுக்குக் குறையும். உச்ச வேகத்தில் சுழலும் ஒன்றிலிருந்து அதன் மொத்த நிறைச்சக்தியில் (நிறைக்குச் சமமான சக்தியில்) 29 சதவீதம் வரை எடுக்கலாம் என்கிறது கணக்கு. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது வெளிவருவது அந்த ஹைட்ரஜனின் நிறைச்சக்தியில் 0.7 சதவீதம்தான். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சிரிப்பு அடங்கவே அவ்வளவு நேரம் எடுத்தது.

"எல்லாம் கற்பனை" என்பீர்கள். கற்பனைதான், ஆனால் கணக்குக்குக் கட்டுப்பட்ட கற்பனை. 29 என்றால் 29தான், ஆசைக்கு 35 என்று போட முடியாது. தேர்தல் மேடைக் கற்பனைகளுக்கு இந்தக் கட்டுப்பாடுகூடக் கிடையாது, அதற்குக் கைதட்டுகிறோம். 1971இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் செல்டோவிச், வேகமாகச் சுழலும் பொருளில் படும் அலை பலம் கூடித் திரும்பலாம் என்றார். அடுத்த வருடமே பிரெஸ், டியூகோல்ஸ்கி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கருந்துளையைச் சுற்றிக் கண்ணாடி கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அலை திரும்பத் திரும்பப் பெருகி வெடிக்குமாம். கருந்துளைக் குண்டு என்றே அதற்குப் பெயர். விசர்க்கதை மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் செல்டோவிச் சொன்ன அடிப்படையை 2020இல் கிளாஸ்கோவில் சுழலும் நுரைத்தட்டையும் ஒலிபெருக்கிகளையும் வைத்துச் செய்து காட்டினார்கள். தட்டு போதிய வேகத்தில் சுழன்றபோது ஒலி உண்மையாகவே கூடியது.

தூரம் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். தெரியும் அண்ணை. நமக்குத் தெரிந்தவற்றில் கிட்ட உள்ள கருந்துளையான கயா பிஎச்1 கிட்டத்தட்ட 1,560 ஒளியாண்டு தள்ளி. அவள் டிக்கெட் கேட்கவில்லை.

"எல்லாம் புராணத்தில் இருக்கு" என்று எழுத வருகிறவர்கள், அந்த 29 சதவீதம் எந்தப் பாட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

"சனத்துக்குச் சோத்துக்கே வழியில்லை, உனக்கு விண்வெளியா?" இதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2022இல் பெற்றோல் வரிசையில் நானும் நின்றேன். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் நின்றேன். அந்த வரிசையை உண்டாக்கியது கருந்துளை பற்றிக் கேள்வி கேட்ட பிள்ளைகளா?

இன்னொன்று. அன்றைக்குக் கூட்டத்தைத் தொடங்கியதே, 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கோணேசர் மலையடியில் சுழியோடிய பெருமையைச் சொல்லித்தான். அதே கிளார்க் 1945இல், பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகளால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று எழுதியவர். அப்போது மனிதன் ஒரு செய்மதியைக்கூட ஏவியிருக்கவில்லை. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்தப் பாதைக்குப் போனது. இன்றைக்கு உங்கள் கூரையில் டிஷ் இருக்கிறது. செத்த வெள்ளைக்காரனின் கற்பனை என்றால் பெருமை, பக்கத்து ஒழுங்கைப் பிள்ளையின் கேள்வி என்றால் பகிடி. என்ன நியாயம் இது?

விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் சந்திரசேகரையும் 1935இல் வானியலாளர் எடிங்டன் சபையில் வைத்து நக்கலடித்தார்தானே என்று ஆறுதல் சொல்ல வராதீர்கள். சந்திரசேகருக்கு 1983இல் நோபல் கிடைத்தது. சிரிப்பு வாங்குகிற எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. ஏ/எல் (உயர்தரம்) படிக்கும்போது நான் ஒரு வகுப்பில், செத்துச் சுருங்கிய நியூட்ரான் விண்மீன் ஏன் அவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கேட்டேன். "பேப்பருக்கு வருமோ? கெம்பஸ் போன பிறகு கேள்" என்றார் சேர். வகுப்பே சிரித்தது. எனக்குக் கெம்பஸ் கிடைக்கவில்லை. கேள்வியும் அப்படியே கிடந்தது. பிறகு பல வருடங்கள் எந்தக் கூட்டத்திலும் நான் கை உயர்த்தவில்லை. உங்களுக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம்.

"அவர் பெரிய மனிசன், பதிவை எடு" என்று இன்பாக்ஸில் சொல்கிறார்கள். நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை, எடுக்கவும் மாட்டேன். அடுத்த கூட்ட நோட்டீசில் 'கேள்வி நேரம் கிடையாது' என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும். யூடியூப்பில் பென்ரோஸ் கிடைக்கிறார்.