டாக்டர் கடிதத்தோடு வந்த பையன்

நண்பர் ஒருவர் நேற்று வாட்ஸப்பில் ஆறு வீடியோ அனுப்பியிருந்தார். கனடா ஜூனியர் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஆடும் பதினேழு வயது டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரன் ஒருவன். "அடுத்த லேன் ஹட்சன் இவன்தான், பார்த்து வைத்துக்கொள்" என்று கீழே ஒரு வரி. ஆறு வீடியோவும் கோல்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹட்சன் இன்று மாண்ட்ரியல் அணியின் நட்சத்திரம். 2022-ல் அந்த அசல் ஹட்சனைப் பார்த்தே "இது தேறாது" என்றவன் நான்.

ஐஸ் ஹாக்கி பக்கம் வராதவர்களுக்கு: என்ஹெச்எல் என்பது வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக். அதன் அணிகள் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், ஐபிஎல் ஏலம் மாதிரிதான், ஆனால் பணப் போட்டி கிடையாது. மோசமாக ஆடிய அணிகளுக்கு முன் வரிசை, கூடவே ஒரு குலுக்கல். எடுக்கப்படுபவர்கள் பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள். அதற்கு முன்னால் பஃபலோவில் உடல்திறன் சோதனையும் அணிகளோடு நேர்காணலும் நடக்கும். ஹட்சன் அங்கே கையில் டாக்டர் கடிதத்தோடு போனான். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். எலும்பு வளர்ச்சி வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது, இன்னும் வளர இடமிருக்கிறது என்று ஹார்மோன் நிபுணர் எழுதிக் கொடுத்த கடிதம். மாப்பிள்ளைக்கு அடுத்த வருஷம் பிரமோஷன் நிச்சயம் என்று பெண் வீட்டில் சொல்வார்களே, அந்த மாதிரி.

பெண் வீட்டார் நம்பவில்லை. ஷிமோன் நெமெட்ஸ் 2-ஆவது, டேவிட் யிரிச்செக் 6, கெவின் கோர்ச்சின்ஸ்கி 7, பாவெல் மின்ட்யுகோவ் 10 என்று ஆறடியைத் தாண்டிய டிஃபென்ஸ்மேன்கள் முதலில் போனார்கள். ஹட்சன் 62-ஆவது. அவனை எடுத்த மாண்ட்ரியலே அதற்கு முன் 1, 26, 33 என்று மூன்று முறை வேறு பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் அவனிடம் வந்தது. அந்த வருஷம் அமெரிக்க இளையோர் அணிக்காக 60 ஆட்டங்களில் கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) சேர்த்து 63 புள்ளி எடுத்திருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 2024-25-ல், முதல் முழு சீசனில், 66 புள்ளி. அதில் 60 அசிஸ்ட். புதுமுக டிஃபென்ஸ்மேன்களில் லாரி மர்ஃபி 1980-81-ல் வைத்த அசிஸ்ட் சாதனைக்குச் சமம். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் வந்தது. கென் ட்ரைடனுக்கு (1972) அப்புறம் ஒரு மாண்ட்ரியல்காரர் அதை வாங்கியது அப்போதுதான். ஆறாவதாகப் போன யிரிச்செக்கை, எடுத்த கொலம்பஸ் அணியே 2024 நவம்பரில் மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டது.

உடனே "கடுகு சிறுத்தாலும்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நான் சொல்ல வருவது அதுவல்ல. அணிகளுக்காக ஆள் பார்க்கும் ஸ்கவுட்கள் முட்டாள்களும் இல்லை. கோலுக்கு முன்னால் நூறு கிலோ ஆள் வந்து நின்றால் இந்தப் பையன் என்ன செய்வான் என்ற பயம் நியாயமானது. நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஆள் அங்கே வந்து நிற்கும் நிலைமை எத்தனை தடவை வரும்?

அதைப் பார்க்க ஒரே இடம்தான். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) நம் மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்தி வருகிறது. டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போக வேண்டும். பின்னால் ஸ்கேட் சத்தம் கேட்கிறது. சாதாரணப் பையன் பக்கைத் தொட்ட பிறகுதான் நிமிர்வான். அதற்குள் சுவரோடு சுவராக அப்பப்பட்டிருப்பான், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்துத் தள்ளுவான். ஹட்சன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு முறை பார்த்துவிடுவான், சில சமயம் இரண்டு முறை. பிறகு இடுப்பை வலது பக்கம் சாய்ப்பான். துரத்தி வந்தவன் அதை நம்பி வலது பக்கம் போவான். இவன் இடது பக்கமாக, தலை நிமிர்ந்து, பக்கோடு வெளியே வந்திருப்பான். இரண்டு விநாடி வேலை. ஹைலைட்ஸில் வராது.

டிஃபென்ஸ்மேனின் புள்ளிக் கணக்கை நான் பாதிதான் நம்புவேன். பவர் பிளேயில் எதிரணியில் ஓர் ஆள் குறைவு. எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று பக்கைத் தள்ளிவிட்டால்கூட அசிஸ்ட் ஏறும். இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும்போது எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். உயரமும் அப்படித்தான். 17 வயதில் ஆறடி மூன்று அங்குலம் இருப்பவன் தன் வயசுப் பையன்களைத் தள்ளிவிட்டே பிழைத்துக்கொள்வான். என்ஹெச்எல்லில் அந்த உயரம் சாதாரணம். அங்கே போய் காலையும் கண்ணையும் புதிதாகப் பழக்க நேரமிருக்காது.

நிறைய ஆட்டம் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதும் முழு உண்மையில்லை. 2025-ல் முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த மேத்யூ ஷேஃபர், அந்த சீசனில் ஈரி ஆட்டர்ஸ் என்ற ஜூனியர் அணிக்கு ஆடியது வெறும் 17 ஆட்டம். உலக ஜூனியர் போட்டியில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து மீதி சீசன் போனது. ஆனாலும் எடுத்தார்கள். அவன் ஸ்கேட்டிங் அப்படி.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. குட்டையாக, துறுதுறுவென்று யார் வந்தாலும் ஹட்சன் என்கிறார்கள். இதுவும் அளவு நாடாவை வைத்துப் பார்ப்பதுதான், நாடாவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம், அவ்வளவே.

நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: "கோலெல்லாம் சரி. பையன் முதுகைக் காட்டிக்கொண்டு மூலைக்குப் போகிற வீடியோ ஒன்று இருந்தால் அனுப்பு." நீல டிக் விழுந்துவிட்டது. வீடியோ இன்னும் வரவில்லை.