காற்று தள்ளும்போது காரைக் காப்பாற்றுவது கைபலம் இல்லை, வேகம்தான்

மழை கொட்டினால் எல்லோரும் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். பனிமூட்டம் என்றால் ஊர்ந்துதான் போகிறார்கள். காற்றடித்தால் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, அதே நூறில் போகிறார்கள். ரோடு காய்ந்து கிடக்கிறது, எதிரே நன்றாகத் தெரிகிறது, பிறகென்ன என்ற நினைப்பு. இந்த நினைப்புதான் சரியில்லை என்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வானிலை அறிக்கையைப் படிக்கும் விதம். "மணிக்கு 40 முதல் 45 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும்" என்று சொன்னால் நம் மனம் அந்த 40-இலேயே நின்றுவிடுகிறது. கார் ஓட்டுபவருக்கு வேண்டியது அந்த "இடையிடையே" என்பதற்குப் பின்னால் வரும் எண். முதல் எண் சில நிமிடங்களுக்கான சராசரி. இரண்டாவது, சில விநாடிகளே நீடிக்கும் வீச்சு. காரை லேனைவிட்டுத் தள்ளுவது அந்த வீச்சுதான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 45-க்கும் 65-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் நிற்கிற காரின் பக்கவாட்டில் விழும் விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 40 என்பது 80 ஆனால் நான்கு மடங்கு.

பலமான காற்று சீராக அடித்துக்கொண்டே இருந்தால் அது பெரிய ஆபத்தில்லை. ஸ்டீயரிங்கைக் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தபடி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், கை வலிக்கும், அவ்வளவுதான். விபத்து நடப்பது காற்று மாறும் இடத்தில். இல்லாத காற்று திடீரென்று வரும் இடம், இருந்த காற்று திடீரென்று நிற்கும் இடம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

காரை அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடுகிற காரில் பக்கக்காற்றின் தள்ளு காரின் நடுவில் விழுவதில்லை. எடையின் மையத்துக்கு முன்னால், பேனட்டை ஒட்டி விழுகிறது. அதனால் கார் அப்படியே பக்கவாட்டில் நகர்வதில்லை, மூக்கு திரும்புகிறது. மூக்கு திரும்பிய பிறகு காரை அடுத்த லேனுக்குக் கொண்டுபோவது காற்றல்ல, உங்கள் சொந்த வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். லேன் அகலம் 3.5 மீட்டர், கார் அகலம் 1.8 மீட்டர் என்றால் இரு பக்கமும் மீதி 85 செ.மீ. தான். வீச்சில் மூக்கு வெறும் 2 டிகிரி திரும்புகிறது, நீங்கள் சுதாரிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் கார் 28 மீட்டர் முன்னே போயிருக்கும், பக்கவாட்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். கோட்டைத் தாண்டியாயிற்று. அதே 2 டிகிரி, 60 கி.மீ. வேகத்தில் 58 செ.மீ. இன்னும் உங்கள் லேனுக்குள்தான் இருக்கிறீர்கள். அதோடு, வேகம் குறைந்தால் அதே காற்றில் மூக்கு அந்த 2 டிகிரி வரை திரும்பவும் செய்யாது.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் போதும் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். இறுக்கிப் பிடித்தால் தோள் விறைத்துக்கொள்ளும், வீச்சு வந்ததும் கை வெடுக்கென்று எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு முடிவதற்குள் வீச்சு ஓய்ந்திருக்கும், கார் எதிர்த் திசையில் பாயும். காற்று தள்ளியது அரை மீட்டர் என்றால் ஓட்டுநர் தள்ளியது இரண்டு மீட்டர். பல நேரங்களில் காரைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது திருப்பம்தான். கடிகார முள் கணக்கில் 9-லும் 3-லும் கைகளை வையுங்கள். பிடி உறுதியாக இருக்கட்டும், முழங்கை தளர்வாக இருக்கட்டும். பார்வை பேனட்டுக்கு முன்னால் இல்லாமல் தூரத்தில் இருக்கட்டும். தூரத்தைப் பார்க்கிறவருக்கு மூக்கு திரும்புவது சீக்கிரம் தெரியும். காற்று வரும் பக்கமாகச் சிறிது திருப்பி, ஓய்ந்ததும் அதே அளவு திரும்ப விடுங்கள். வீச்சின் நடுவில் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கவும் கூடாது. இரண்டிலும் எடை முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரங்களின் பிடி குறையும். காலை மெல்லத் தளர்த்தினால் போதும். குறைக்க வேண்டிய வேகத்தை வீச்சு வருமுன்பே குறைத்திருக்க வேண்டும்.

வீச்சு எங்கே வரும் என்பதை ரோடே சொல்லிவிடும். மேம்பாலத்தின் உச்சி, ஆற்றுப்பாலம், இருபுறமும் வெட்டிய மலைச்சாலை முடிகிற இடம், சுரங்கப்பாதையின் வாய், வரிசையாக நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே வரும் திறந்த வெளி, ஒலித்தடுப்புச் சுவர் முடியும் மூலை. இந்த இடங்களுக்கு நூறு, இருநூறு மீட்டர் முன்பே காலைத் தளர்த்திவிடுங்கள். பாலங்களில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட துணிக் குழாய் கட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள், பலத்துக்கு அதை நம்பாதீர்கள். விமான நிலையத்தில் வைக்கும் குழாயே சுமார் 28 கி.மீ. காற்றுக்கு நேராக நீண்டுவிடும். அதற்கு மேல் 40 ஆனாலும் 80 ஆனாலும் அது ஒரே மாதிரிதான் நிற்கும். காற்று வாங்கும் பாலங்களை வடிவமைப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பிரான்சில் 2004-இல் திறந்த மில்லோ பாலத்தின் இரு ஓரங்களிலும் 3 மீட்டர் உயரத்துக்குத் தடுப்புகள் வைத்து, ரோட்டில் அடிக்கும் காற்றின் தாக்கத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். நாம் போகும் பெரும்பாலான பாலங்களில் அப்படி எதுவும் இல்லை.

லாரியை ஓவர்டேக் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன இரண்டு ஆபத்தும் சில விநாடிகளுக்குள் அடுத்தடுத்து வரும் இடம் இதுதான். காற்று லாரி இருக்கும் பக்கத்திலிருந்து வருகிறது என்று வையுங்கள். லாரியின் பின்பக்கத்தை நெருங்கும்போது உங்கள் ஸ்டீயரிங் ஏற்கெனவே காற்றை எதிர்த்து, அதாவது லாரிப் பக்கமாக, லேசாகத் திரும்பியிருக்கிறது. லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடும். ஸ்டீயரிங் அப்படியே இருந்தால் கார் லாரியை நோக்கிப் போகும். லாரி இழுக்கிறது என்று பலரும் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான். நேராக்கிக்கொண்டு முன்னேறுகிறீர்கள். லாரியின் முகப்பை எட்டும்போது அது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்று உங்களை வெளிப்பக்கம் தள்ளும். அதைக் கடந்த மறுகணம் மறைவில்லாத முழுக் காற்றும் அதே திசையில் வந்து அறையும். இரண்டு தள்ளும் ஒன்றாகச் சேருவதால், வெளியே வரும் இந்தக் கட்டம்தான் மோசம். ஆகவே பக்கவாட்டில் வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். லாரிக்குப் பக்கத்திலேயே உருண்டுகொண்டிருக்காதீர்கள். அதற்காக வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை அழுத்திப் பாயவும் வேண்டாம். முகப்பு நெருங்கும்போதே கையைத் தயாராக வைத்திருங்கள். பாலத்தின் மேலோ வளைவிலோ என்றால் ஓவர்டேக்கே வேண்டாம், பின்னாலேயே போங்கள்.

லாரி காலியாக இருந்தால் இன்னும் கவனம். சுமை ஏற்றியதைவிடக் காலிக் கன்டெய்னர்தான் எளிதில் சாயும். அதே பரப்பு, எடை மட்டும் இல்லை. பின்பக்கம் குதித்துக் குதித்துப் போனால் பெரும்பாலும் காலி வண்டிதான். காற்று போகும் திசையில், அதாவது அது சாய்ந்தால் விழக்கூடிய பக்கத்தில், அதற்கு இணையாக ஓட்டாதீர்கள்.

இதே நிலைமையில்தான் பைக்கில் போகிறவர் உங்களால் மாட்டிக்கொள்கிறார். நீங்கள் அவரைக் கடக்கும்போது காற்றை மறைத்துவிட்டு, கடந்ததும் திறந்துவிடுகிறீர்கள். லாரி உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்கிறீர்கள். சாதாரண நாளில் ஒன்றரை மீட்டர் இடைவெளி என்றால், காற்று நாளில் முடிந்தால் பக்கத்து லேனுக்கே மாறிப் போங்கள்.

பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் நம்ம வண்டியைக் காற்று ஒன்றும் செய்யாது என்பார்கள். எடையோடு பக்கவாட்டுப் பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரமான எஸ்.யூ.வி. எடை கூடியதுதான், ஆனால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடியது, எடையின் மையமும் உயரத்தில் இருக்கிறது. காலியாக ஓடும் வேன் எல்லாவற்றிலும் மோசம். எலக்ட்ரிக் கார்களில் கனமான பேட்டரி தரையோடு இருப்பதால் கொஞ்சம் நிதானமாக நிற்கும்.

சுமை வைக்கும் இடமும் கணக்கு. டிக்கியின் கடைசி மூலையில் கனத்தை அடைத்தால் எடையின் மையம் பின்னால் போகும். காற்று தள்ளும் புள்ளிக்கும் அதற்கும் இடைவெளி கூடுவதால் மூக்கு இன்னும் எளிதாகத் திரும்பும். கனமானவற்றைப் பின் சீட்டின் முதுகை ஒட்டி, தரையோடு வையுங்கள். கூரைமேல் ஏற்றுவதை இந்த நாட்களில் தவிர்க்கலாம். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் கையேட்டில் உள்ள கூரைச் சுமை வரம்பைப் பாருங்கள், பல கார்களில் அது 50 முதல் 75 கிலோதான், கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். மெத்தை, பலகை போன்ற தட்டையானவை காற்றில் மேலே எழும்பும். நடுவில் மட்டும் கட்டாமல் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டுங்கள். கட்டும் பட்டையை ஒருமுறை முறுக்கிவிட்டால் படபடப்பு அடங்கும். புறப்பட்டு பத்து கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நிச்சயம் தளர்ந்திருக்கும்.

டயர் காற்று குறைவாக இருந்தால் பக்கச்சுவர் நெளியும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு கார் யோசித்துத் திரும்பும். ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்புங்கள். சக்கரங்களைப் பிடித்துத் திருப்பும் இணைப்புகளான டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங்கில் 'ப்ளே' இருக்கும், அதாவது கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் உடனே திரும்பாது. நகரத்துக்குள் அது தெரியாது, காற்றில் முதல் வீச்சிலேயே தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பர் போயிருந்தால் ஒரு வீச்சுக்கு மூன்று ஆட்டம் ஆடும்.

வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள், எங்கே வேகத்தைத் தளர்த்துவது என்று அதற்குத் தெரியாது. சில கார்களிலும் வேன்களிலும் பக்கக்காற்றை உணர்ந்து ஒரு பக்கச் சக்கரங்களில் மட்டும் பிரேக் பிடித்து மூக்கை நேராக்கும் வசதி இருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அது விலகலைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்காது. ஓடும் வண்டியில் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து வேண்டாம். நீங்கள் நிற்கிறீர்களா, லேன் மாறுகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகிறது. இரு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் காற்று ஊடே போய்விடும் என்பதும் வீண் நம்பிக்கை. காற்று தள்ளுவது முழு உடலையும்.

எதிர்காற்று ஆபத்தைவிடச் செலவு. 100-இல் போகும்போது 30 கி.மீ. எதிர்காற்று இருந்தால் காற்றுத் தடை சுமார் 70 சதவீதம் கூடும், எலக்ட்ரிக் கார்க்காரர்கள் சார்ஜ் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பின்காற்றில் சத்தம் குறைந்து வேகம் தெரியாமல் ஏறும், மீட்டரைப் பாருங்கள்.

எப்போது ஓட்டக் கூடாது? மரங்களைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணிக்கும் போஃபோர்ட் அளவுகோலின்படி பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமாக இருந்தால் 39 முதல் 49 கி.மீ. முழு மரமும் ஆடினால் 50 முதல் 61. சின்னக் கிளைகள் ஒடிந்து விழுந்தால் 62 முதல் 74. என் கணக்கில், கூரைச் சுமையோ காலி வேனோ என்றால் முழு மரம் ஆடும்போதே நெடுஞ்சாலையைத் தவிர்க்க வேண்டும். கிளை ஒடிய ஆரம்பித்தால் எந்தக் காரும் நிற்க இடம் தேட வேண்டும்.

புழுதிப்புயலில் நிற்பதற்கு வேறு முறை. ரோட்டைவிட்டு முழுவதுமாக இறங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதுதான் ரோடு என்று நினைத்து நேரே வந்து இடிப்பார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் போக்குவரத்துத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதைத்தான்.

நிறுத்தும்போது மரம், விளம்பரப் பலகை, மதில், மின்கம்பி எதற்கும் கீழே வேண்டாம். காரின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும், அப்போது கதவைக் காற்று சாத்தப் பார்க்கும். முதுகைக் காட்டி நிறுத்தினால் திறந்த கதவைக் காற்று பிடுங்கி முன்னால் வீசும், கீல் வளையும், கதவின் முன்விளிம்பு ஃபெண்டரில் இடிக்கும். கதவை ஒவ்வொன்றாக, கைப்பிடியை விடாமல் திறங்கள். குழந்தைகளுக்கு வெளியிலிருந்து நீங்களே திறந்துவிடுங்கள், விரல் நசுங்குவது இந்த இடத்தில்தான்.

மின்கம்பி அறுந்து காரின் மேல் விழுந்தால் உள்ளேயே இருந்து போன் செய்யுங்கள், யாரையும் பத்து மீட்டருக்குள் நெருங்க விடாதீர்கள். தீப்பிடித்தால் மட்டும் இறங்கலாம். அப்போதும் காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் சிறு சிறு அடியாக உரசிக்கொண்டே விலகிப் போங்கள்.