பக்கத்துப் போட்டுக்காரன்

போன வாரம் ராமேஸ்வரத்தில் மச்சான் ஒருவரோடு பெரிய வாக்குவாதம். விசைப்படகில் பங்கு வைத்திருப்பவர். இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? "நான் விட்டுட்டு வந்தா பக்கத்துப் போட்டுக்காரன் அள்ளிட்டுப் போவான்" என்றார். வளர வேண்டிய குஞ்செல்லாம் சங்காயமாக, அதாவது விலைபோகாத கழிவு மீனாக, கோழித் தீவனத்துக்குப் போவதும் அவருக்குத் தெரியும்.

இதைப் பேராசை என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இது பயம். ஒருவர் முடிவு அடுத்தவர் முடிவைப் பொறுத்து மாறுவதை ஆராயும் ஆட்டக் கோட்பாட்டில் 1950இலிருந்து பேசப்படும் கைதிகளின் குழப்பம் இதுதான்: அடுத்தவன் என்ன செய்வான் என்று தெரியாத இருவர் அவரவர் லாபத்தைப் பார்த்து முடிவெடுத்து, இரண்டு பேருமே நஷ்டப்படுவார்கள். 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் பொது மேய்ச்சல் நிலத்தை உதாரணம் காட்டி, கட்டுப்பாடில்லாத பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று எழுதினார்.

ஆனால் அந்தக் கைதிகள் ஒரே ஒரு தடவைதான் ஆடுகிறார்கள், பேசிக்கொள்ளவும் வழியில்லை. நம் ஆட்களோ தினமும் ஒரே டீக்கடையில் நிற்பவர்கள். நாளைக்கும் அதே முகத்தில் விழிக்க வேண்டும் என்றால் கணக்கே வேறு. பாசனம், மீன்பிடி, காடு என்று ஊர் ஊராக ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் இதைக் காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபலும் வாங்கினார்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புக் கருவி கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்தார்கள். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான். யாராவது மீறினால் எப்படித் தெரியும் என்று சொந்தக்கார அக்கா ஒருவரிடம் கேட்டேன். "எல்லாரும் ஒரே வத்தையில, சின்னப் படகுல போறோம். யார் சாக்குல வேரோட கிடக்குன்னு தெரியாமலா போகும்?" என்றார். ஆட்டக் கோட்பாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதும் கண்காணிப்பு, அக்காவுக்கு ஒரு சாக்கு.

வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சண்டை போட்டுப் போட்டுப் பிறந்த ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை எவன் போட்டை எடுத்தாலும் கரையில் நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். 61 நாள் தடைக்காலமும் அப்படித்தான். இரட்டைமடி அப்படியில்லை, ராத்திரி நடுக்கடலில் யார் பார்த்தார்கள்? அபராதத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, நாட்டுப்படகுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கரையிலேயே மடியைச் சோதிக்கும் உரிமையை ஊருக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேர் போட்டு முதலாளிகள்தானே என்பீர்கள். சரிதான், அதனால்தான் நாட்டுப்படகுக்காரர்களையும் சேர்க்கச் சொல்கிறேன்.

மச்சானிடமும் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "முதல்ல யார் போட்டுல ஏறுவாங்க?"