பாதுகாப்பு உத்தரவை மீறுவது குடும்பச் சண்டை இல்லை, குற்றம்

குடும்ப வன்முறையிலிருந்து காக்க கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவு கையில் இருக்கும்போதே கணவர் வாசலில் வந்து நின்று கத்துகிறார் என்று ஸ்டேஷனுக்குப் போன பெண்ணிடம், "இது சிவில் மேட்டரும்மா, உங்க வக்கீலைப் பாருங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கும் அதுதான் நடந்தது. கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், மனு போட்டு நிவாரணம் கேட்பது வரைக்கும் பெரும்பாலும் சிவில் தன்மை கொண்டதுதான். ஆனால் மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போட்ட பிறகு அதை மீறினால் கதையே வேறு. 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைக்கால உத்தரவை மீறினாலும் இதேதான். 32ஆம் பிரிவு இன்னும் தெளிவு: வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாம், ஜாமீன் என்பது ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கிடைக்கிற ஒன்று இல்லை, கோர்ட்டில்தான் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை மட்டுமே வைத்துக்கூட குற்றம் நடந்தது என்ற முடிவுக்கு கோர்ட் வரலாம். நாலு சுவருக்குள் நடப்பதற்கு அவள் சாட்சிக்கு எங்கே போவாள்? சட்டம் எழுதியவர்களுக்கு அது புரிந்திருக்கிறது, ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் புரிய வேண்டும்.

மீறல் என்றால் அடிப்பது மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தொடர்பு கொள்ளக் கூடாது என்று உத்தரவில் இருந்தால் போன், வாட்ஸ்அப், கடிதம் எல்லாமே மீறல்தான். அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு வரக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாது, அவளுக்கு உதவி செய்த அண்ணனையோ தோழியையோ மிரட்டக் கூடாது என்றெல்லாம் 18ஆம் பிரிவில் உத்தரவு போட முடியும். "பிள்ளையைப் பார்க்கத்தானே வந்தேன்" என்பார்கள். பார்க்க வேண்டும் என்ற தவிப்பை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதற்கும் 21ஆம் பிரிவில் வழி இருக்கிறது, கோர்ட்டில் கேட்டு வாங்கலாம், நினைத்த நேரத்தில் கதவைத் தட்டுவது அந்த வழி இல்லை.

எனக்கு அதிகம் கோபம் வருவது இந்த சமாதானப் பேச்சில்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "இனிமே ஒண்ணும் பண்ண மாட்டான்" என்று சொல்லிவிட்டால் உத்தரவு முடிந்துபோனதாக நினைத்துக்கொள்கிறார்கள். அவளாக மனு போட்டு ரத்து செய்யும் வரை அது உயிரோடுதான் இருக்கும். சூழ்நிலை மாறிவிட்டது என்று கணவர் சொன்னால்கூட அதை மாஜிஸ்திரேட்டிடம்தான் சொல்ல வேண்டும், ஊர்ப் பெரியவரிடம் இல்லை. அப்புறம் மாமியார், நாத்தனாருக்கு இதெல்லாம் பொருந்தாது என்ற பேச்சும் இருக்கிறது. எதிர்மனுதாரர், அதாவது யார் மேல் மனு போடுகிறோமோ அவர், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2016லேயே நீக்கிவிட்டது.

இந்த நிலைமையில் இருப்பவர்கள் உத்தரவின் நகல் இரண்டு மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதை இலவசமாகவே தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஸ்டேஷனில் வாயால் சொல்லிவிட்டு வராமல், 31, 32 பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம், நேராக மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம். அவசரம் என்றால் 181, பெண்கள் உதவி எண்.